மூன்று வாகனம், ஒரே பயணச்சீட்டு



நம் சபையின் மூத்த தம்பதியர் அமெரிக்காவிலுள்ள மகளின் பிரசவத்திற்காகப் புறப்பட்டதை அறிவீர்கள். ஆராதனை முடிவில் ஜெபித்துத்தான் அனுப்பினோம். செலவைக் குறைக்க எண்ணிய மகன் இரண்டு தனித்தனி டிக்கெட்டுகள் எடுத்திருந்தார். முதல் விமானம் நான்கு மணி நேரம் தாமதித்தது. இரண்டாவது விமானம் காத்திருக்கவில்லை. இரு நிறுவனத்தாரும் பொறுப்பேற்க மறுத்தனர். வேறு டிக்கெட் வாங்கி அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, பேரப்பிள்ளை பிறந்து ஒரு நாள் ஆகியிருந்தது. அன்றிரவு விமான நிலையத்திலிருந்து அந்த அம்மா தொலைபேசியில் பேசிய குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

வயதான பெற்றோரை நெடும்பயணம் அனுப்பும் பிள்ளைகள், சில ஆயிரம் ரூபாய் கூடினாலும், கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட்டாக எடுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

இது நம் ஊருக்குப் புதிய செய்தியன்று. 1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையில் வாங்கிய ஒரே சீட்டில் தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னார் வரை கப்பல், அங்கிருந்து கொழும்புக்கு இலங்கை ரயில் என்று மக்கள் பயணம் செய்தார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஆனாலும் காரைக்குடி வழியே ராமேஸ்வரம் செல்லும் வண்டியை நாம் இன்றும் ‘போட் மெயில்’ என்றுதானே அழைக்கிறோம்!

இன்றைய விமான நிறுவனங்கள் செய்வதும் அதுவே. ஸ்டார் அலையன்ஸ் என்னும் கூட்டணி 1997-ல் ஐந்து நிறுவனங்களோடு தொடங்கியது; ஏர் இந்தியா 2014-ல் அதில் சேர்ந்தது. மதுரையிலிருந்து கொழும்பு செல்லும் ஸ்ரீலங்கன் அதே ஆண்டில் ஒன்வேர்ல்டு கூட்டணியில் இணைந்தது. திருச்சியிலிருந்து பறக்கும் ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் துணை நிறுவனம். ஆயினும் கூட்டணியின் பெயர் மட்டும் உங்களைக் காப்பாற்றாது. இரு விமானங்களும் ஒரே முன்பதிவில் இருந்தால்தான், தாமதம் நேரும்போது அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் கடமை அவர்களுக்கு உண்டு. பெட்டியும் பொதுவாகக் கடைசி ஊர் வரை செல்லும். ஆனால் அமெரிக்காவில், முதலில் இறங்கும் நிலையத்தில் பெட்டியை எடுத்துச் சுங்கச் சோதனை முடித்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். தனித்தனி டிக்கெட் என்றால், இடையிலுள்ள நாட்டிலேயே பெட்டிக்காக வெளியே வர நேரிடலாம். அதற்கு அந்நாட்டு விசா இருக்கிறதா என்று யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை.

அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தை இறையியல் கல்லூரியில் படித்த நாளில் நான் புயலை மட்டுமே கவனித்தேன். மீறாத் துறைமுகம் கண்ணில் படவில்லை. அங்கேதான் பவுல் அதிராமித்தியம் ஊர்க் கப்பலிலிருந்து அலெக்சந்திரியா கப்பலுக்கு மாற்றப்படுகிறார். மெலித்தா தீவில் அதுவும் உடைந்து, மூன்று மாதத்திற்குப்பின் மூன்றாவது கப்பல். மீறாவில் அடுத்த கப்பலைத் தேடியது பவுல் அல்ல. நூற்றுக்கு அதிபதியாகிய யூலியு. பயணம் முழுவதற்கும் பொறுப்பாளி ஒருவன் இருந்தான். நம் பெற்றோருக்கு இடைநிலையத்தில் அப்படி யார் இருக்கிறார்கள்?

விமானம் மாற மூன்று மணி நேரமாவது விடுங்கள். சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். டிசம்பரில் பயணம் போகிறவர்கள், பணம் செலுத்துமுன் அந்த விவரத்தை ஞாயிறு ஆராதனைக்குப்பின் நம் வாலிபரிடம் காட்டுங்கள். சரிபார்த்துத் தர அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.