குழந்தைக்குத் தடை! கூலிக்கு வெட்டு!

மூக்கு ஒழுகினால் வராதே! இருமினால் வராதே! பக்கத்துப் பிள்ளைக்கு நோய் என்றால் பத்து நாள் வராதே! கொரோனாக் காலத்திலே அமெரிக்க நாட்டுக் குழந்தைக் காப்பகங்கள் பல பெற்றோருக்கு இட்ட கட்டளை இது. பெற்றோர் கொதித்தனர்.

கட்டுப்பாடே கூடாதென்று நாம் கூறமாட்டோம். ஐந்து வயதுக்குட்பட்ட பிஞ்சுகளுக்கு அங்கே தடுப்பூசி வந்ததே 2022 ஜூன் திங்களில்தான். பிள்ளைகளைத் தூக்கித் துடைத்து வளர்க்கும் காப்பகப் பெண்ணும் பாட்டாளிதான். அவள் உயிரும் உயிர்தான்!

ஆனால், தோழர்களே, கேட்கிறோம்: வீட்டிலிரு என்றார்களே, அந்த நாட்களுக்குக் கூலி கொடுப்பது யார்? சாதாரணச் சளியே சிறு குழந்தைக்கு ஆண்டிலே ஆறு, எட்டு முறை வருமே!

சம்பளத்தோடு விடுப்பு என்று 2020-இல் சட்டம் செய்தார்கள். 500 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் தனியார் நிறுவனங்களுக்கு அதிலே விலக்கு! எளியவனுக்குச் சட்டம், கோடீசுவரனுக்குச் சலுகை! அதுவும் அவ்வாண்டு டிசம்பர் 31-உடன் காலாவதி. நோய் இருந்தது, சட்டம் செத்தது! இன்றும் சில மாநிலங்களிலே உண்டேயன்றி, நாடு முழுமைக்கும் அப்படியொரு சட்டம் இல்லை.

சுவீடனைப் பாருங்கள். அங்கும் நோயுற்ற பிள்ளை வீட்டில்தான். ஆனால் உடனிருக்கும் பெற்றோருக்கு, ஓர் உச்சவரம்புக்குள், ஊதியத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு அரசுக் காப்பீடு தருகிறது; குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 120 நாள் வரை!

காப்பக வாயிலிலே வெடித்த கோபம் நியாயமானது. அது சென்று முழங்கவேண்டிய இடம், சட்டமியற்றும் மன்றத்தின் வாயில்!