“படமரன்னா மேற்குப்பா!” - பாட்டி நிலத்தைக் காப்பாற்றிய குமாஸ்தா

எங்கள் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு கிரயப் பத்திரம் இருக்கிறது. ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். பத்திரம் 1956-ல் எழுதியது. வீட்டில் ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. ஏனென்றால், அது தெலுங்கில் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இது அதிசயம் இல்லை. 1960 ஏப்ரல் 1-ம் தேதிக்கு முன்பு வரை இது ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். ம.பொ.சி. போன்றவர்கள் நடத்திய எல்லைப் போராட்டம், படாஸ்கரின் பரிந்துரை என்று எல்லாம் முடிந்த பிறகுதான் திருத்தணி நம் பக்கம் வந்தது. மாநிலம் மாறினால் பத்திரத்தில் இருக்கிற எழுத்து மாறுமா என்ன?

போன வருடம் பக்கத்து நிலத்துக்காரர் வரப்பைத் தள்ளிப் போட்டார். பஞ்சாயத்து பேசிப் பார்த்தும் சரிவரவில்லை. அப்பாவும் நானும் திருத்தணியில் ஒரு வக்கீல் ஆபீஸுக்குப் போனோம். வக்கீல் எங்களிடம் பேசியது பத்து நிமிடம். அதன்பிறகு இரண்டு மணி நேரம் எங்களோடு உட்கார்ந்தவர், அங்கே 35 வருடமாக இருக்கும் சீனியர் குமாஸ்தா. “பேரெல்லாம் போடாதப்பா” என்றதால், ஆபீஸில் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி ‘ஐயா’ என்றே சொல்கிறேன்.

பத்திரத்தின் தமிழ் மொழிபெயர்ப்பை வெளியில் கொடுத்து டைப் அடித்து எடுத்துப் போயிருந்தோம். ஐயா அதை ஓரமாக வைத்துவிட்டு, தெலுங்குப் பத்திரத்தை விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். மூன்றாவது பக்கத்தில் விரல் நின்றது.

“இதை யாருப்பா எழுதினது? ‘படமர’ன்னா மேற்கு. ‘தூர்ப்பு’ன்னா கிழக்கு. ரெண்டையும் மாத்திப் போட்டு வெச்சிருக்காங்க. சக்குபந்தியே தப்பு!”

சக்குபந்தி என்றால் நிலத்தின் நாலு எல்லை. நிஜத்தில் எங்கள் நிலத்துக்குக் கிழக்கே ஓடை. நாங்கள் கொண்டுபோன பேப்பரில் ஓடை மேற்கே ஓடியது! அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“இப்படியே தாக்கல் பண்ணியிருந்தா, ‘இவங்க கேட்கிற நிலமே வேற’ன்னு அவங்க வக்கீல் ஒரே வரியில எழுதிடுவார். அப்புறம் நாம திருத்த மனு போட்டு, அதுக்கு அவங்க கவுன்ட்டர் போட்டு... எத்தனை வாய்தா போகும்னு நினைக்கிறீங்க?” என்றார். சின்ன வயதில் பள்ளிப்பட்டில் தெலுங்கு மீடியம் படித்தவராம். அந்தப் படிப்புதான் அன்றைக்கு எங்களுக்குக் கைகொடுத்தது.

இன்னொரு நாள், அவர் வேலையைப் பார்க்கவே போனேன். காலையில் அன்றைய கட்டுகளை எடுத்து அடுக்குகிறார். பெஞ்ச் கிளார்க்கிடம் வாய்தா கேட்டு டைரியில் குறிக்கிறார். சம்மனுக்கு பேட்டா கட்டுகிறார். குறை சொல்லி ரிட்டர்ன் ஆன பேப்பரைச் சரிசெய்து திரும்பக் கொடுக்கிறார். ஆனால், கோர்ட்டில் எழுந்து ஒரு வார்த்தை வாதாட முடியாது. 1961-ம் வருட வழக்கறிஞர்கள் சட்டப்படி அது வக்கீலுக்கு மட்டுமே உரியது.

லண்டனில் பாரிஸ்டர்களின் சேம்பரிலும் சீனியர் கிளார்க் உண்டு. எந்த வழக்கை எந்த பாரிஸ்டர் எடுப்பது, ஃபீஸ் எவ்வளவு என்பதைப் பேசி முடிப்பதே அவர்தான். பாரிஸ்டர் வாங்கும் ஃபீஸில் இத்தனை சதவிகிதம் கிளார்க்குக்கு என்பது அங்கே பழைய வழக்கம். அதனால் சில பாரிஸ்டர்களைவிட கிளார்க் அதிகம் சம்பாதிப்பதும் உண்டு. ஐயாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். “இங்க சம்பளம்னு பெருசா ஒண்ணும் இல்ல. பார்ட்டி மனசு வெச்சு குமாஸ்தா ஃபீஸுன்னு கொடுத்தா உண்டு. ஜெயிச்சவங்க கொடுப்பாங்க. தோத்தவங்க என்னைப் பார்த்தாலே அந்தப் பக்கம் போயிடுவாங்க!”

அவர் சொன்னதில் எல்லோருக்கும் பயன்படும் விஷயம் ஒன்று. கீழ்க்கோர்ட்டில் சிவில் வழக்கு தோற்றால், சப் கோர்ட்டிலோ மாவட்டக் கோர்ட்டிலோ அப்பீல் போட 30 நாள்தான் கெடு. ஹைகோர்ட் என்றால் 90 நாள். ஆனால், தீர்ப்பின் நகல் கேட்டு மனு போட்டு, அது கையில் கிடைக்க ஆகும் நாள்களைக் கழித்துக்கொள்ளலாம். “தீர்ப்பு சொன்ன அன்னைக்கே நகல் மனு போட்டுடணும். அழுதுட்டு வீட்டுக்குப் போய் 29-வது நாள் வந்தா, நகல் கைக்கு வந்தப்புறம் மிச்சம் ஒரு நாள்தான் இருக்கும்.”

இப்போது வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டால் வாய்தா தேதி நம் போனிலேயே வந்துவிடுகிறது. தாக்கல் செய்வதும் இ-ஃபைலிங் என்று ஆகிவிட்டது. ஐயாவுக்கு ஸ்கேன் செய்யத் தெரியாது. ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த ஜூனியர் பெண்தான் செய்து கொடுக்கிறார். பதிலுக்கு ஐயா அவருக்குத் தெலுங்கு எழுத்து சொல்லித் தருகிறார். அந்தப் பெண்ணின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே நாலு திசையும் தெலுங்கில் இருந்தது.

“உங்க பையனுக்குச் சொல்லித் தரலையா ஐயா?” என்றேன். “அவன் ஸ்ரீபெரும்புதூர்ல கம்பெனி வேலையில இருக்கான். மாசம் பொறந்தா சம்பளம். அவனை ஏன்ப்பா இதுல இழுக்கணும்?” என்றபடி அடுத்த கட்டைப் பிரித்தார்.

எங்கள் வழக்கு நம்பர் ஆகிவிட்டது. எதிர்த்தரப்பு இன்னும் பதில் போடவில்லை. அடுத்த வாய்தா என் போனில் மெசேஜாக வந்துவிட்டது. ஆனாலும், ஐயா துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததைத்தான் அப்பா சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.