திடல் யார் பெயரில்?

உங்கள் தாமானில் ஒரு திடல் இருக்கும். அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

இதைக் கேட்டால் பலரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். “அது பொதுத் திடல்தானே, யார் பெயரில் இருக்கப் போகிறது?” என்கிறார்கள். இரண்டு கோல் கம்பம், ஓர் ஊஞ்சல், ஓரமாக ஒரு குப்பைத் தொட்டி. இவை இருந்துவிட்டால் அது நம் திடல் என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. நில அலுவலகத்துக்குக் கோல் கம்பம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கிராண்டும் கெசட்டும்தான்.

கெடாவில் இருக்கும் நமக்கு இந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் கனமானது. சுங்கைப் பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் பக்கம் இன்று வரிசை வீடுகள் நிற்கும் பல இடங்களில் முன்பு ரப்பர் மரங்கள் நின்றன. தோட்டத்தில் கோயில், பள்ளிக்கூடம், திடல் மூன்றும் அருகருகே இருக்கும். திருவிழா, காற்பந்துப் போட்டி, தேர்தல் கூட்டம், கல்யாணப் பந்தல் என்று எல்லாம் அந்தத் திடலில்தான். கோயிலுக்கு ஒரு நிர்வாகக் குழு இருந்தது. பள்ளிக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருந்தது. திடலுக்கு யாரும் இல்லை. மூன்று தலைமுறை ஓடி விளையாடிய இடம், காகிதத்தில் திடலே கிடையாது. கம்பெனியின் கிராண்டுக்குள் அடங்கிய சில ஏக்கர், அவ்வளவுதான். தோட்டம் கைமாறியபோது ரப்பர் மரங்களோடு திடலும் சேர்ந்து கைமாறியது.

திடலாவது புல்தரை. கெடாவில் அதைவிடப் பழையது ஒன்றும் இப்படித்தான் போனது. 2013-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். பூஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்து தோட்டப் பகுதியில், 11-ஆம் எண் என்று ஆய்வாளர்கள் குறித்து வைத்திருந்த சண்டி, ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானது, வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சமன் செய்தபோது இடிக்கப்பட்டது. நாடு முழுக்கக் கொதித்தது. நாங்களும் ரேடியோவில் பேசினோம், நேயர்களும் அழைத்து ஆதங்கப்பட்டார்கள். கொதிப்பு அடங்கியதும் தெரிந்த விஷயம் மிகச் சாதாரணமானது. நிலம் தனியாருடையது. அந்தச் சண்டி பாரம்பரியச் சின்னமாகக் கெசட் செய்யப்படவில்லை. ஆயிரம் ஆண்டுப் பழமைக்கே அந்த ஒரு தாள் இல்லாமல் பாதுகாப்பு இல்லை என்றால், நம் தாமான் ஊஞ்சலுக்கு என்ன இருக்கிறது?

தாள் இருந்ததால் தப்பித்த ஓர் இடமும் இருக்கிறது. அது கெடாவில் இல்லை, கோலாலம்பூரில். ஆனால் அந்தக் கதையும் ஒரு ரப்பர் தோட்டத்தில்தான் தொடங்குகிறது.

புக்கிட் கியாரா தோட்டம். அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்டதும், அங்கே பால் மரம் வெட்டிய குடும்பங்கள் 1980-களின் தொடக்கத்தில் பக்கத்திலேயே நீண்ட வீடுகளில் குடியமர்த்தப்பட்டார்கள். தற்காலிக ஏற்பாடு, நிரந்தர வீடு பிறகு வரும் என்றார்கள். தோட்டத்துக்காரர்களிடம் ‘தற்காலிகம்’ என்று யாராவது சொன்னால் பேரப்பிள்ளை பிறக்கும் வரை என்று அர்த்தம். ஏறக்குறைய 100 குடும்பங்கள் அந்தப் பலகை வீடுகளிலேயே பிள்ளைகளை வளர்த்தார்கள்.

அவர்களை ஒட்டி, தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் வட்டாரத்தில், தாமான் ரிம்பா கியாரா என்று 25 ஏக்கர் பூங்கா. கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம் 2020-இல் அது பொதுத் திறந்தவெளி. 2017 ஜூலையில் மாநகர் மன்றம் அங்கே ஒரு மேம்பாட்டுக்கு அனுமதி கொடுத்தது. பூங்காவின் 12 ஏக்கர் அளவிலான பகுதியில், 42 முதல் 54 மாடி வரை உயரும் 8 அடுக்குமாடிகள். அவற்றோடு 29 மாடியில் இன்னொரு கட்டடம், 350 வீடுகள். நீண்ட வீட்டு மக்களுக்கு வீடு கிடைக்கப் போவது இந்தக் கடைசிக் கட்டடத்தில்தான்.

இங்கே நம் மனம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் வசதியான வட்டாரத்துக் குடியிருப்பாளர்கள், காலையில் மெதுவோட்டம் ஓடுபவர்கள். இன்னொரு பக்கம் 30 ஆண்டுக்கு மேல் காத்திருந்த தோட்டத்து மக்கள். “இவர்களுக்கு மரம் முக்கியம், நம்மவர்களுக்கு வீடு வேண்டாமா?” என்ற கேள்வி அப்போது நிறையப் பேர் வாயில் வந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வரைபடத்தை இன்னொரு முறை பாருங்கள். 100 குடும்பத்துக்கு வீடு கட்ட 54 மாடி எதற்கு? நீண்ட வீடுகள் நின்ற நிலத்திலேயே அந்த மக்களுக்கு வீடு கட்டிக் கொடுங்கள் என்பதுதான் பூங்காவுக்காகப் போராடியவர்களும் சொன்னது. ஏழையின் வீட்டையும் பொதுமக்களின் பூங்காவையும் எதிரெதிரே நிறுத்தி வைத்தால், நடுவில் உயரமாக எழும்புவது மூன்றாவது ஒன்று. தோட்டத்துக் கோயில் விவகாரங்களிலும் இந்த உத்தியை நாம் பார்த்திருக்கிறோம்.

குடியிருப்பாளர்கள் 2017 ஆகஸ்டில் நீதிமன்றம் போனார்கள். 2018 நவம்பரில் உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. மாநகர் மன்றமும், நிலத்தை வைத்திருந்த கூட்டரசுப் பிரதேச அறவாரியமும், மேம்பாட்டு நிறுவனமும் கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போயின. 2023 ஏப்ரல் 18 அன்று அங்கேயும் குடியிருப்பாளர்கள் பக்கமே தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன்.

அந்தத் தீர்ப்பு “மரங்கள் அழகானவை, காப்பாற்றுங்கள்” என்று சொல்லவில்லை. அது பேசியது காகிதத்தைப் பற்றி. மக்களிடம் கருத்துக் கேட்டு, ஒரு திட்டத்தை வகுத்து, இது பொதுத் திறந்தவெளி என்று எழுதி வைத்த பிறகு, அதை இல்லாதது போல் ஒதுக்கிவிட்டு அனுமதி கொடுக்க முடியாது. விலகினால் காரணம் சொல்ல வேண்டும். அருகில் வாழ்கிறவர்களுக்கு வழக்குப் போட உரிமை உண்டு. அனுமதி கொடுக்கும் டத்தோ பண்டாரே, அனுமதி கேட்கும் அறவாரியத்தின் அறங்காவலர்களில் ஒருவராக இருந்ததும் நீதிமன்றத்தின் கண்ணில் பட்டது. திட்டத்தில் ‘பொதுத் திறந்தவெளி’ என்ற சொல் இல்லாமல் இருந்திருந்தால் 6 ஆண்டுப் போராட்டத்துக்கு நிற்க இடமே இருந்திருக்காது.

சரி, அது கோலாலம்பூர். அங்கே சட்டம் தனி. கெடாவில் நமக்கு உள்ளது 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், 172-ஆம் சட்டம் என்பார்கள். அதன்படி ‘ராஞ்சாங்கான் தெம்பாத்தான்’, அதாவது உள்ளூர்த் திட்டம் என்று ஒன்று வகுக்கப்படுகிறது. வரைபடத்தில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு நிறம். வீடு, கடை, தொழிற்சாலை, விவசாயம், ‘தானா லாப்பாங்’ என்கிற திறந்தவெளி. இந்தத் திட்டத்துக்கு முரணான மேம்பாட்டுக்கு நகராண்மைக் கழகம் அனுமதி கொடுக்கக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

இனி வருவதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் நம்மில் பலர் சறுக்குவது இங்கேதான். பக்கத்து நிலத்தில் ஏதோ கட்டப் போகிறார்கள் என்றால் நமக்கு நோட்டீஸ் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். அண்டை நிலத்துக்காரர்களுக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து, ஆட்சேபம் சொல்ல 21 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் எங்கே? உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில். திட்டம் நடப்புக்கு வந்துவிட்ட இடத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. உங்களைத்தான் திட்டம் போடும்போதே கேட்டாகிவிட்டதே என்பது சட்டத்தின் கணக்கு.

எப்போது கேட்டார்கள்? வரைவுத் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபோது. அதற்குப் பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும், ஆட்சேபத்துக்குக் குறைந்தது 4 வாரம் கொடுக்க வேண்டும். அறிவிப்பு மலாய் மொழியில், சின்ன எழுத்தில், ஏல விளம்பரங்களுக்கு நடுவில் வந்திருக்கும். நாம் கிரிக்கெட் பக்கத்துக்குப் போயிருப்போம். அந்த 4 வாரத்தில் நகராண்மைக் கழகத்தின் கூடத்தில் பெரிய பெரிய வரைபடங்கள் தொங்கும். மேசையில் கருத்துப் படிவம் இருக்கும். படிவத்தை விட அந்த மேசை அதிகாரிதான் பாவம், பேச ஆள் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்.

காலை நிகழ்ச்சியில் வட்டாரப் புகார் என்று தலைப்பு வைத்தால் எங்கள் தொலைபேசி ஓயாது. சாலைக் குழி, தெருவிளக்கு, குப்பை லாரி, தெருநாய். திட்ட வரைபடத்தைப் பற்றி ஒருவர்கூட அழைத்ததில்லை. குழியைப் பற்றி 10 பேர் பேசினால் நாளை மறுநாள் அடைத்துவிடுவார்கள். வரைபடத்தில் மாறிய நிறத்தை அப்படி அடைக்க முடியாது.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்டன. பிறகு சட்டத்திலிருந்தே போய்விட்டன. இன்றைய நகராண்மைக் கழக உறுப்பினர் நியமிக்கப்பட்டவர். திடல் போனதற்காக அவரை நாம் வாக்குப் போட்டுத் தோற்கடிக்க முடியாது. ஆகவே அந்த 4 வாரம்தான் நமக்குச் சட்டம் கொடுத்திருக்கும் பேச்சு நேரம். ரேடியோவில் வேலை பார்க்கிறவள் சொல்கிறேன், கொடுத்த நேரத்தில் பேசாவிட்டால் அடுத்த பாட்டு ஓடிவிடும்.

புதிய தாமான்களுக்கு ஒரு வார்த்தை. வீடமைப்புத் திட்டத்தில் 10 விழுக்காடு நிலம் திறந்தவெளிக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது திட்டமிடல் வழிகாட்டி. வீடு வாங்கும்போது சமையலறை டைல்ஸை எவ்வளவு நேரம் பார்க்கிறோம்! அந்த 10 விழுக்காடு எங்கே இருக்கிறது என்று விற்பனை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். வீடு கட்டத் தோதில்லாத சரிவிலா, மின்கோபுரத்தின் கீழா, குழந்தை நடந்து போகக்கூடிய இடத்திலா? மேம்பாட்டாளர் அந்த நிலத்தை மாநில அரசிடம் ஒப்படைத்ததும் வேலை முடிந்துவிடாது. பொது நோக்கத்துக்கான ரிசாப் நிலமாகக் கெசட் ஆக வேண்டும். கெசட் ஆனால், பிறகு அதை ரத்து செய்ய முன்கூட்டியே அறிவிப்பு வெளியிட்டு விசாரணை நடத்த வேண்டியிருக்கும். கெசட் ஆகாத திடலுக்கு அந்தக் கதவு கிடையாது.

மரங்களுக்கும் சட்டம் உண்டு, தெரியுமா? தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளந்து, சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டும் மரத்தை எழுத்துபூர்வ அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்கிறது அதே 172-ஆம் சட்டம். பட்டுப்போனது, ஆபத்தானது என்று சில விதிவிலக்குகள் உண்டு. தையல் டேப் ஒன்று போதும், உங்கள் திடலோர மரத்தை நீங்களே அளந்து பார்க்கலாம்.

இதெல்லாம் வழக்கறிஞர் வேலை என்று ஒதுங்க வேண்டாம். கியாராவில் வழக்கு நடத்திய வசதி நம் தாமான்களுக்கு இல்லை என்பது உண்மை. 6 ஆண்டு, 3 நீதிமன்றம். ஆனால் வரைவுத் திட்டக் கட்டத்தில் நீதிமன்றம் தேவையில்லை, மலாய் நன்றாக எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை போதும். பினாங்கிலோ கூலிம் ஹைடெக்கிலோ வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் வீட்டுக்கு வரும் பிள்ளைகள் எல்லாத் தாமானிலும் இருக்கிறார்கள். அப்பா அம்மாவின் மின்கட்டணத்தைக் கைப்பேசியில் கட்டிக்கொடுப்பவர்கள், நகராண்மைக் கழகத்தின் இணையப் பக்கத்தையும் மாதம் ஒரு முறை எட்டிப் பார்க்கலாம். குடியிருப்பாளர் சங்கம் இருந்தால் சங்கத்தின் பெயரில் எழுதுவது நல்லது. இல்லாவிட்டால் வீடு வீடாகப் பெயரும் கையெழுத்தும்.

முதல் வேலை நில அலுவலகம். திடலின் லாட் எண்ணைக் கொடுத்து, அரசு நிலமா, ரிசாப்பா, தனியார் பெயரா என்று தேடல் போடுங்கள். பிறகு நகராண்மைக் கழகத்தின் திட்டமிடல் பிரிவுக்குப் போய், நடப்பிலுள்ள திட்டத்தில் அந்த லாட்டுக்கு என்ன நிறம் என்று பாருங்கள். இரண்டும் ஒத்துப் போகவில்லை என்றால் அதைக் கடிதமாக எழுதுங்கள். கடிதம் ஒரு பக்கம் இருந்தால் போதும். லாட் எண், திடலை எத்தனை வீட்டார் பயன்படுத்துகிறார்கள், எத்தனை ஆண்டுகளாக, இரண்டு மூன்று படங்கள். கவுண்டரில் கொடுக்கும்போது இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை குத்தித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வாருங்கள். காலையிலேயே போய்விடுங்கள்.