வேலை முதலில், பயிற்சி அங்கேயே

சிறப்புப் பள்ளியில் வயது வரம்பு முடிந்ததும் இளைஞர் தொழிற்பயிற்சிப் பிரிவுக்கு மாற்றப்படுகிறார். மெழுகுவர்த்தி, காகிதக் கவர், மிதியடி என்று வேலை பழகுகிறார். முப்பது வயதைத் தாண்டியும் அதே மேசையில் பயிற்சி பெறுபவராகவே உட்கார்ந்திருப்பவர்களை இத்துறையில் இருக்கும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ‘இன்னும் தயாராகவில்லை’ என்ற மதிப்பீடு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. எந்த வேலைக்கு, எந்த நிறுவனத்துக்கு என்பது மட்டும் எழுதப்படுவதில்லை. ஒரு மனிதரின் இளமை இப்படிக் கழிவதை இனியும் இயல்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதலில் பயிற்சி, பிறகுதான் வேலை என்ற இந்த வரிசையையே மாற்றச் சொன்னவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த பால் வேமன். முதலில் உண்மையான வேலையில் சேர்ப்பது, பிறகு அந்த இடத்திலேயே ‘ஜாப் கோச்’ ஒருவர் உடனிருந்து கற்றுக்கொடுப்பது என்ற முறையை அவரும் சகாக்களும் 1980-களிலிருந்து வளர்த்தெடுத்தார்கள். காரணம் தெரபிஸ்டுகளுக்குப் புதிதல்ல. ஆட்டிசம் உள்ள பலருக்கு ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவதுதான் சிரமம். மையத்தின் அமைதியான அறையில் பழகிய பேக்கிங், கிடங்கின் இரைச்சலிலும் வெளிச்சத்திலும் அவருக்கு வேறொரு வேலையாகிவிடுகிறது.

இந்த முறைக்கு விரிவான உதாரணம் ஒரு மருத்துவமனையிலிருந்து கிடைக்கிறது. சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த செவிலியர் எரின் ரீல். மருத்துவப் பொருட்களை அடுக்கி வைக்கும் வேலைக்கு வந்தவர்கள் நிலைக்காமல் போய்க்கொண்டிருந்தது அவருக்குப் பெரிய தலைவலி. ஒழுங்கும் கவனமும் தேவைப்படும் அந்த வேலையை அறிவுசார் குறைபாடு உள்ள இளைஞர்கள் செய்ய முடியுமா என்று கேட்டு, தொழிற்கல்வித் துறையில் இருந்த சூசி ரட்கோவ்ஸ்கியுடன் சேர்ந்தார். 1996-இல் ‘ப்ராஜெக்ட் சர்ச்’ பிறந்தது. பள்ளியின் கடைசி ஆண்டு முழுவதும் மாணவர் மருத்துவமனைக்கே போகிறார். வகுப்பறை அங்கேயே இருக்கிறது. வெவ்வேறு பிரிவுகளில் மாறி மாறி வேலை செய்கிறார்.

வேமனின் குழு இந்தத் திட்டத்தோடு ஆட்டிசத்துக்கான கூடுதல் ஆதரவையும் சேர்த்து வர்ஜீனியாவில் சோதித்தது. 2014-இல் வெளியான முடிவுகளின்படி, திட்டத்தில் இருந்த 24 பேரில் 21 பேருக்கு வேலை கிடைத்தது. ஒப்பீட்டுக் குழுவின் 16 பேரில் ஒருவருக்குத்தான் கிடைத்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தட்டிக்கழிக்க முடியாது.

வேலையிடத்தில் ஜாப் கோச் செய்வது என்ன? ‘ட்ராலியை நிரப்பி வை’ என்ற ஒற்றை வரியை அவர் பிரித்துப் போடுகிறார். ஒவ்வோர் அறைக்கும் நிரம்பிய நிலையில் ஒரு போட்டோ. எதில் எத்தனை கையுறை, எத்தனை பஞ்சுப் பொட்டலம் என்று எண்ணிக்கை. மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா என்று வரிசை. கடைசியாக, ஒரு பொருள் தீர்ந்துபோனால் யாரிடம், என்ன வார்த்தையில் கேட்பது என்பது. பெரும்பாலும் ஆள் திகைத்து நிற்பது இந்தக் கடைசி இடத்தில்தான். மேற்பார்வையாளர் அதைச் சோம்பல் என்று நினைத்துவிடுகிறார். சாப்பாட்டு நேரத்தில் எங்கே உட்காருவது, திடீரென்று ஷிப்ட் மாறினால் யார் சொல்வார்கள் என்பதையும் ஜாப் கோச் முன்கூட்டியே பேசி வைக்கிறார்.

அதற்கு முன்பே வாசலில் நிற்கும் தடை நேர்காணல். கண்ணைப் பார்த்துப் பேசுவதும், ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்க’ என்றதும் தன் திறமையைச் சொல்லிக்கொள்வதும் சரக்கு அடுக்கும் வேலைக்கோ கணக்கு சரிபார்க்கும் வேலைக்கோ தேவைப்படாதவை. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான டென்மார்க்கின் தோர்கில் சோனெ 2004-இல் தொடங்கிய ஸ்பெஷலிஸ்டெர்னெ நிறுவனம், நேர்காணலுக்குப் பதிலாக லெகோ ரோபோக்களைக் கட்டவும் இயக்கவும் கொடுத்து ஆட்களை அறிந்துகொண்டது. எஸ்.ஏ.பி. மென்பொருள் நிறுவனம் 2013-இல் அதனுடன் கைகோத்தது. எஸ்.ஏ.பி.யின் பெங்களூரு அலுவலகத்தில் அதற்கு முன்பே முன்னோட்டம் நடந்திருந்தது. இந்தச் செய்திகளால் ஆட்டிசம் என்றாலே மென்பொருள் சோதனையில் மேதை என்ற எண்ணமும் பரவிவிட்டது. பெரும்பாலோருக்கு அது பொருந்தாது. லாண்டரி, நூலகம், மருந்துக் கிடங்கு என்று பக்கத்துத் தெரு வேலைகளைத் தேடுவதில்தான் நம் உழைப்பு போக வேண்டும். நேர்காணலுக்குப் பதில் இரண்டு வாரம் வேலை செய்து காட்ட வாய்ப்புக் கேட்பது அங்கேயும் சாத்தியம்.

கேட்பதற்குச் சட்டம் துணை நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 ஆட்டிசத்தையும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஏ.டி.எச்.டி. அதில் பெயர் சொல்லி இடம்பெறாதது பெரிய குறை. 40 சதவீதக் குறைபாடு என்ற சான்றிதழ் இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பும் வழக்கத்துக்கு உச்ச நீதிமன்றம் 2021-இல் பதில் சொன்னது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள தேர்வர் விகாஷ் குமார், யு.பி.எஸ்.சி.க்கு எதிராகத் தொடர்ந்த வழக்கு அது. நியாயமான ஏற்பாடுகளைப் பெற 40 சதவீத வரம்பு தேவையில்லை என்று நீதிமன்றம் தெளிவாக்கியது.

இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும், தொடர்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்கின்றன சட்டத்தின் கீழான 2017 விதிகள். எச்.ஆர். அறைக்குப் போகும் சிறப்புக் கல்வியாளர் முதலில் அந்தக் கொள்கையின் நகலைக் கேட்கலாம். அப்படி ஒன்று இல்லையென்றால், எழுதித் தர உட்காரலாம். வேலையில் சேர்ந்த பிறகு மேற்பார்வையாளர் மாறும்போதெல்லாம் ஜாப் கோச் மறுபடி போக வேண்டியிருக்கும். ஆகவே அடுத்த நிதியாண்டுத் திட்டம் போடும் மையங்கள் புதிய மெழுகுவர்த்தி அச்சுகளுக்கு முன்னால் அவருடைய சம்பளத்தையும் பஸ் செலவையும் எழுதிக்கொள்ள வேண்டும் என்று இந்த இதழ் கேட்டுக்கொள்கிறது.