தானாகவே படித்தார்களா?

பரிசளிப்பு விழா மேடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "பெரியவர்கள் எல்லோரும் வறுமையில் பிறந்தவர்களே, தெரு விளக்கில் படித்தவர்களே, பள்ளிக்கூடத்துப் படிப்பு இல்லாமலே பாரெல்லாம் புகழ் பெற்றவர்களே, திறமை இருக்கிறவன் எங்கிருந்தாலும் மேலே வந்துவிடுவான்!" என்று பேசுவார்கள். பிள்ளைகள் கை தட்டுவார்கள். பெற்றோர் நெகிழ்ந்து போவார்கள். அதுவரை தவறில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்கு ஒரு வால் உண்டு. "அப்படியிருக்க, உதவித் தொகை எதற்கு? விடுதி எதற்கு? இட ஒதுக்கீடு எதற்கு? படிக்கிறவன் எப்படியும் படிப்பான், படிக்காதவன் சோம்பேறி!" என்பதே அந்த வால்.

இந்த வாலைத்தான் தோழர்கள் கவனிக்க வேண்டும். பெரியவர்களின் இளமைக் காலத்தைக் காட்டியே ஏழையின் பிள்ளைக்குக் கதவடைக்கப் பார்க்கிறார்கள். ஆகவே, அந்த இளமைக் காலம் உண்மையில் எப்படி இருந்தது என்று பார்த்துவிடுவோம். இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் இங்கிலாந்தில் கொல்லன் மகனாகப் பிறந்தவர். மற்றவர் அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்தவர்.

மைக்கேல் பாரடே 1791-இல் லண்டனுக்கு அருகே பிறந்தார். தந்தை இரும்படிக்கும் தொழிலாளி. அடிக்கடி நோயில் விழுந்தவர். வீட்டில் பற்றாக்குறை. எழுத்தும் படிப்பும் கொஞ்சம் கணக்கும் கற்றதோடு மைக்கேலின் பள்ளிக்கூடம் முடிந்தது. 13 வயதில் ரிபோ என்ற புத்தக வியாபாரியிடம் பத்திரிகைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு, 1805-இல், அதே கடையில் புத்தகம் தைத்து அட்டை கட்டும் தொழிலுக்கு ஏழாண்டுப் பயிற்சியாளரானார்.

கட்டுவதற்கு வந்த புத்தகங்களையே பையன் படித்தான். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவனைப் பிடித்துக்கொண்டது. ஜேன் மார்செட் என்ற அம்மையார் எளிய நடையில் எழுதிய வேதியியல் நூல் அவனுக்கு வழிகாட்டியாயிற்று. இவ்வளவையும் சொல்லி, "பாருங்கள், தானே படித்தான்!" என்று மேடைப் பேச்சாளர் முடித்துவிடுவார். நாம் அங்கே முடிக்கக் கூடாது. கணக்குப் புத்தகத்தைத் திறந்து, யார் யார் என்ன கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

பயிற்சிக்குச் சேருகிறவர்கள் முதலாளிக்குப் பணம் கட்டுவது அன்றைய வழக்கம். பையனின் உண்மையான உழைப்பைக் கருதி ரிபோ அந்தப் பணத்தை வாங்கவில்லை. வேலை நேரம் போக மற்ற நேரத்தில் படிக்கவும், சிறு சோதனைகள் செய்து பார்க்கவும் இடம் கொடுத்தார். டேட்டம் என்பவர் மாலை வேளைகளில் விஞ்ஞானச் சொற்பொழிவு நடத்தினார். ஒரு சொற்பொழிவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். அந்த ஷில்லிங்கைக் கொடுத்தவர் அண்ணன் ராபர்ட். அவரும் தந்தையைப் போல இரும்படித்தவரே. 1812-இல், அந்நாளின் பெரிய விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்கு நுழைவுச் சீட்டுக் கொடுத்தவர் கடைக்கு வந்துபோன ஒரு வாடிக்கைக்காரர். பாரடே அந்தச் சொற்பொழிவுகளைக் குறிப்பெடுத்து, விரித்தெழுதி, தாமே அட்டை கட்டி டேவிக்கு அனுப்பினார். டேவியோ முதலில், புத்தகம் கட்டும் தொழிலையே பார்த்துக்கொள்ளும்படி யோசனை சொன்னார்! பிறகு, ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இருந்த உதவியாளர் ஒருவர் சண்டை போட்டு வேலையிழந்தார். இடம் காலியாயிற்று. 1813 மார்ச்சில் பாரடே உள்ளே நுழைந்தார்.

1831-இல் அவர் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் டைனமோவுக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் அடிப்படை. இன்று ஆலையில் மோட்டார் சுழல்வதும், குடிசையில் விளக்கு எரிவதும் அந்த அடிப்படையின் மேல்தான்.

பாரடேயின் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அந்த உழைப்பு இல்லாவிட்டால் எத்தனை சீட்டுக் கிடைத்தும் பயனில்லை. ஆனால், அண்ணனின் ஷில்லிங் இல்லை, முதலாளியின் இரக்கம் இல்லை, வாடிக்கைக்காரரின் சீட்டு இல்லை, முன்பின் தெரியாத ஒருவனின் சண்டையும் இல்லை என்றால் அந்த உழைப்பு எங்கே போயிருக்கும்? லண்டனில் நேர்த்தியாக அட்டை கட்டும் தொழிலாளி ஒருவர் இருந்திருப்பார், அவ்வளவுதான். உலகத்துக்கு வெளிச்சம் கொடுத்த மூளை, இத்தனை தற்செயல்களின் தயவில் தப்பிப் பிழைத்திருக்கிறது! இதைக் காட்டியா ஏழைக்கு உதவி வேண்டாம் என்கிறார்கள்?

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். தம்பிக்கு ஷில்லிங் கொடுக்க ஓர் அண்ணன் இருந்தார். அந்த அண்ணனுக்கு ஷில்லிங் கொடுக்க யார் இருந்தார்கள்?

அடுத்தவர் பிரடரிக் டக்ளஸ். 1818-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயிடமிருந்து பிரித்துவிட்டார்கள். வேறொரு பண்ணையில் பகலெல்லாம் வேலை செய்த அந்தத் தாய், இரவில் 12 மைல் நடந்து வந்து மகனைப் பார்த்துவிட்டு விடிவதற்குள் திரும்புவாள். அப்படிப் பார்த்ததும் நாலைந்து முறைதான்.

எட்டு வயதில் பையனைப் பால்டிமோர் நகரத்துக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டு எசமானி சோபியா ஆல்ட், ஒன்றும் அறியாமல் அவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். கணவன் ஹியூ ஆல்டுக்குத் தெரிந்தது. உடனே தடுத்தான். படிப்பு அடிமையைக் கெடுத்துவிடும், படித்தவன் அடிமையாக இருக்கத் தகுதியற்றவனாகிவிடுவான் என்று மனைவிக்கு எடுத்துச் சொன்னான். பக்கத்தில் நின்ற சிறுவன் காதில் அது விழுந்தது. விடுதலைக்கு வழி எது என்பதை எசமானனே சொல்லிவிட்டான் என்று அவன் புரிந்துகொண்டான்.

அதற்குப் பிறகு அவன் படித்த விதத்தைக் கேளுங்கள். வீட்டில் அவனுக்கு ரொட்டி கிடைத்தது. தெருவில் இருந்த ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்கு அது கிடைக்கவில்லை. ரொட்டியைக் கொடுத்து எழுத்தை வாங்கினான். கப்பல் கட்டும் துறையில், மரத்துண்டு எந்தப் பக்கத்துக்கு உரியது என்று தச்சர்கள் எழுதி வைத்த அடையாள எழுத்துக்களைப் பார்த்து எழுதக் கற்றான். பூட்சுக்குப் பாலிஷ் போட்டுச் சேர்த்த 50 காசுக்கு, 'கொலம்பியன் ஆரேட்டர்' என்ற பேச்சுத் தொகுப்பை வாங்கினான். ஓர் அடிமை எசமானனோடு வாதாடி, வென்று, விடுதலை பெறும் உரையாடல் அதில் இருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தான்.

இளைஞனானதும், கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. பண்ணையில் ஞாயிற்றுக்கிழமைகளில் மறைவாகப் பள்ளி நடத்தினான். 40 பேருக்கு மேல் வந்து படித்தார்கள். அதற்கு முன்பு அவன் நடத்திய பள்ளியை, பக்திமான்கள் என்று பெயரெடுத்தவர்களே தடியோடு வந்து கலைத்திருந்தார்கள்! 1838-இல் தப்பினார். 1845-இல் தம் வரலாற்றை எழுதி வெளியிட்டார். 1847-இல் 'நார்த் ஸ்டார்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். இவ்வளவு நன்றாகப் பேசுகிறவர் அடிமையாக இருந்திருக்க முடியுமா என்று சிலர் சந்தேகப்பட்டார்கள் என்றால், அவர் பேச்சின் வலிமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹியூ ஆல்ட் மட்டுமா அப்படி நினைத்தான்? தென் கரோலினாவில் 1740-லேயே, அடிமைக்கு எழுதக் கற்றுக் கொடுத்தால் 100 பவுன் அபராதம் என்று சட்டம் செய்திருந்தார்கள். திறமை இருப்பவன் எப்படியும் படித்துவிடுவான், தடுத்துப் பயனில்லை என்று அந்த எசமானர்கள் நினைக்கவில்லை. தடுத்தால் பெரும்பாலோர் படிக்க முடியாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் தடுத்தார்கள். தடையைத் தாண்டி ஒரு டக்ளஸ் வந்தார் என்பதற்காகத் தடை நல்லது என்று சொல்வதா? அந்த ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் உட்கார்ந்திருந்த 40 பேரில் எத்தனை டக்ளஸ்கள் இருந்தார்களோ!

இது கடலுக்கு அப்பால் நடந்த கதைதானே என்று நாம் ஒதுக்க முடியாது. 1953-இல் ராஜகோபாலாச்சாரியார் அமைச்சரவை சென்னை மாநிலக் கிராமங்களில் கொண்டுவந்த கல்வித் திட்டத்தை நாடு மறக்கவில்லை. பாதி நேரம் பள்ளி; மீதி நேரம் பெற்றோர் தொழில். கொல்லன் மகனுக்குப் பட்டறை, குயவன் மகனுக்குச் சக்கரம், வண்ணான் மகனுக்குத் துறை. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டி மக்கள் எதிர்த்துக் கிளர்ந்தார்கள். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. பாரடே கொல்லன் மகன் என்பதை இந்த இடத்தில் நினைவுபடுத்திக்கொண்டால், அந்தப் போராட்டம் எதைக் காப்பாற்றியது என்பது விளங்கும்.

ஆகவே தோழர்களே, இனி எந்த மேடையிலாவது பெரியவர்களின் வறுமையைப் புகழ்ந்து பேசக் கேட்டால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அவருக்கு ஷில்லிங் கொடுத்தது யார்?" வறுமை யாரையும் பெரியவராக்கியதில்லை. வறுமையிலும் யாரோ திறந்துவிட்ட ஒரு சிறு கதவு ஆக்கியிருக்கிறது. அந்தக் கதவைத் தனி மனிதரின் இரக்கத்துக்கும் தற்செயலுக்கும் விட்டுவிடாமல், எல்லோருக்கும் உரிமையாகத் திறந்து வைப்பதற்குப் பெயர்தான் இலவசக் கல்வி. அதற்குப் பெயர்தான் விடுதி. அதற்குப் பெயர்தான் இட ஒதுக்கீடு. அது பிச்சையன்று, உரிமை.

சர்க்கார் செய்ய வேண்டியதைச் சர்க்காரிடம் கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம். நாம் செய்ய வேண்டியதும் உண்டு. தேநீர்க் கடையிலும், முடிதிருத்தும் கடையிலும், படிப்பகத்திலும் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, எழுத்தறியாத தோழர்கள் சுற்றி நின்று கேட்டு வளர்ந்த இயக்கம் இது. பூட்டிக் கிடக்கும் படிப்பகம் உங்கள் ஊரில் இருந்தால் முதலில் அதைத் திறவுங்கள். உதவித் தொகைக்கு மனு எழுதத் தெரியாமல் நிற்கும் பெற்றோருக்கு எழுதிக் கொடுங்கள். மாலையில் ஒரு மணி நேரம், வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆளில்லாத பிள்ளைகளைக் கூட்டி உட்காரவையுங்கள். மகனைப் படிக்கவைத்து மகளை வேலைக்கு அனுப்பும் வீட்டுக்குப் போய் வாதாடுங்கள்.

மேடையில் மாலை விழாத வேலைதான் இது. அண்ணன் ராபர்ட்டுக்கும் மாலை விழவில்லை. ஆனால் அவர் கொடுத்த ஷில்லிங் வீண் போகவில்லை.