பழஞ்சேலைப் பைகளும் கட்டுக்கரைப் பெண்களின் கூலிக் கணக்கும்

சில மாதங்களுக்கு முன்னர் கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள ஒரு கிராமத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பழைய சேலைகளை வெட்டிப் பைகள் தைக்கும் பெண்கள் குழு ஒன்று முதல் தடவையாகக் கொழும்பில் நடக்கும் கைவினைச் சந்தைக்குப் போகவிருந்தது. ஒவ்வொரு பையிலும் தொங்கவிட ஒரு சிறிய அட்டை வேண்டும், அதில் ‘கதை’ எழுதித் தரவேண்டும் என்றார்கள். நான் ஊடகக் கற்கை படித்தவள், ஆங்கிலத்திலும் எழுதுவேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

முன்பள்ளிக் கட்டடத்தின் ஒரு மூலையில் இருந்து நான்கு வரி எழுதினேன். போரில் கணவனை இழந்தவர், முகாமில் வாழ்ந்தவர், இன்று ஊசியும் நூலும் கொண்டு வாழ்வை மீளத் தைக்கிறார் என்ற வகையிலான வரிகள். இப்படியான அட்டைகளை நான் நிறைய வாசித்திருக்கிறேன். எழுதவும் கை பழகியிருந்தது. அந்தப் பையைத் தைத்த அக்கா தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னார். முழுவதையும் கேட்டுவிட்டு, “அந்த மனுசனைப் பற்றின வரியை எடுத்துவிடுங்கோ தங்கச்சி. நான் பைதானே விக்கப் போறன்” என்றார்.

அந்த வரியை எடுத்துவிட்டேன். ஆனால், அவர் சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. பழைய துணியிலிருந்து கைவினைப் பொருட்கள் செய்வது இப்போது வடக்கில் வாழ்வாதாரத் திட்டங்களின் புதிய பெயராகி வருகிறது. இதில் உண்மையில் என்ன விற்கப்படுகிறது, அதில் எவ்வளவு தைப்பவரின் கைக்கு வருகிறது என்ற இரண்டு கேள்விகளையும் நாங்கள் கேட்டாக வேண்டும்.

துணி இங்கே வெறும் கழிவல்ல

பழைய துணியை இன்னொன்றாக்குவது எங்களுக்கு யாரும் வந்து கற்றுத்தர வேண்டிய வித்தையல்ல. பழஞ்சேலை ஏணையாகும், தலையணை உறையாகும், கடைசியில் கால்மிதியாகும். கிழிந்த சாரம் அடுப்படித் துணியாகும். உலக நாகரிகச் சந்தை இதைச் சூழல்நேய உற்பத்தி என்று புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறது.

ஆனால், எங்கள் மண்ணில் துணிக்கு வேறு சரித்திரமும் உண்டு. 2008இல் மடு, அடம்பன், விடத்தல்தீவு என்று போர் முன்னேறியபோது இந்தப் பக்கத்துச் சனங்கள் கிழக்கு நோக்கி இடம்பெயரத் தொடங்கினார்கள். 2009இல் அந்தப் பயணம் முள்ளிவாய்க்காலில் முடிந்தபோது பங்கருக்கு அடுக்க உரப்பைகள் கூட இல்லை. சேலைகளை வெட்டித் தைத்து, மணல் நிரப்பி அடுக்கினார்கள். கூறைச் சேலை, கோயிலுக்குக் கட்டும் சேலை என்று பார்க்கிற நிலையில் எவரும் இருக்கவில்லை. அந்தக் கடற்கரையின் படங்களில் தெரியும் பல வண்ண மூட்டைகள் அவைதான். பழஞ்சேலையில் பை தைப்பதை இந்தப் பெண்களில் பலர் அங்கேயே செய்துவிட்டார்கள்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம் குடும்பங்களிடமும் இதே போன்ற நினைவுகள் இருக்கின்றன. கையில் தூக்கக்கூடிய உடுப்புப் பைகளோடு அவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். துணியின் கதையைப் பேசும்போது அதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

2025 ஆகஸ்டில் செம்மணி சித்துப்பாத்தி மனிதப் புதைகுழியிலிருந்து மீட்கப்பட்ட உடுப்புகளும் பொருட்களும் பொதுமக்கள் அடையாளம் காண்பதற்காகக் காட்சிப்படுத்தப்பட்டன. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் அவற்றின் முன்னால் வந்து நின்றார்கள். ஒரு சட்டையின் துண்டு இங்கே சாட்சியமாகவும் இருக்கிறது. மகன் கடைசியாகக் கழற்றிப் போட்ட சேர்ட்டைத் தோய்க்காமல் வைத்திருக்கும் தாய்மாரை இந்த இணையத்தளத்தின் வாசகர்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

அந்தக் குழுவின் பெண்களுக்கு இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்திருந்தது. வெட்டுவதற்கென்று வெளியிலிருந்து மூட்டையாக வரும் சேலை வேறு, வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் சேலை வேறு. பயிற்சி கொடுக்க வருபவர்கள்தான் சில வேளைகளில் இதைக் குழப்புகிறார்கள். “உங்கட சொந்தச் சேலையிலை தைச்சால் கதைக்கு நல்லம்” என்ற ஆலோசனையை நானும் அருகில் இருந்து கேட்டேன்.

ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு?

அன்று முழுவதும் அவர்களோடு இருந்து வேலையைப் பார்த்தேன். சேலையைத் தோய்த்துக் காயவைத்து, நைந்துபோன பகுதியைக் கழித்து, நிறம் பார்த்து வெட்டி, துண்டுகளை இணைத்து, உள்துணி வைத்து, கைப்பிடி பொருத்தி முடிக்க ஒரு பைக்கு ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் போகிறது. புதுத் துணியில் இவ்வளவு நேரம் எடுக்காது. பழைய துணி இலவசமாகக் கிடைத்தாலும் அதன் விலையைத் தைப்பவர் தன் நேரத்தால் கட்டுகிறார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 பைகள் தைத்துச் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் விலை 1,500 ரூபாய். 25 பைகள் விற்றால் வரவு 37,500 ரூபாய். உள்துணி, நூல், சிப் என்று பையொன்றுக்கு 250 ரூபாய்ப்படி 40 பைகளுக்கு 10,000 ரூபாய். இரண்டு பேரின் பஸ் செலவும் சாப்பாடும் 8,000, கடை வாடகை 5,000. மொத்தச் செலவு 23,000. மிஞ்சுவது 14,500 ரூபாய். 40 பைகளுக்குப் போன 240 மணித்தியாலத்தால் இதைப் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 60 ரூபாய் வருகிறது.

2026 ஜனவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்ச நாட்கூலி 1,200 ரூபாய். எட்டு மணித்தியால வேலை என்று எடுத்தால் மணித்தியாலத்துக்கு 150 ரூபாய். அதாவது, சந்தையில் பாதிக்கு மேல் விற்றுவிட்டுச் சந்தோஷமாக வீடு திரும்பும் பெண்ணுக்குச் சட்டம் சொல்லும் ஆகக்குறைந்த கூலியில் பாதிகூடக் கிடைக்கவில்லை. மிச்சமுள்ள 15 பைகளும் பின்னர் அதே விலைக்கு, வேறு செலவில்லாமல் விற்றுத் தீர்ந்தால்தான் 154 ரூபாய் என்ற கணக்கு வரும். கழிவு விலைக்குக் கொடுத்தாலோ, இடையில் ஒருவர் தரகு எடுத்தாலோ அதுவும் இல்லை.

இதோடு காலமும் இடிக்கிறது. கைவினைப் பொருட்கள் அதிகம் விலைப்படுவது நத்தாரை ஒட்டிய மார்கழியில். கட்டுக்கரை வயல்களில் காலபோகத்துக்குக் களை பிடுங்கும் வேலை இருப்பதும் அதே மாதங்களில்தான். பெண்கள் பகலில் வயலுக்குப் போய்விட்டு இரவில் தைக்கிறார்கள்.

தையல் மெஷினும் கிழமைக் கட்டுப்பணமும்

மீள்குடியேற்றத்தின் பின்னர் இந்தக் கிராமங்களுக்கு வந்த உதவிகளைப் பட்டியலிட்டால் கோழி, ஆடு, தையல் மெஷின் மூன்றும் கட்டாயம் இருக்கும். மெஷின் கொடுத்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். சந்தையைக் கொடுத்தவர்கள் இல்லை. ஊரில் பத்துப் பேரிடம் மெஷின் இருந்தால் ஊர்ச் சட்டை தைக்கும் வேலையும் பத்தாகப் பிரிந்துபோகும்.

அந்த இடைவெளியில் நுழைந்தவைதான் நுண்கடன் நிறுவனங்கள். நிலைமை எவ்வளவு மோசமானது என்றால், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட, தவணை தவறிய நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை 2018இல் அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது. மன்னாரும் அதில் அடங்கியிருந்தது. கைவினைத் தொழிலுக்கு இந்தக் கடன் பொருந்தாமல் போவதற்கு எளிமையான காரணம் ஒன்று உண்டு. சந்தை வருடத்தில் இரண்டு, மூன்று தடவைதான் வரும். கடன் அறவிடுபவர் ஒவ்வொரு கிழமையும் வருவார்.

அப்படியானால் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வவுனியாவில் ஒமேகா லைன், கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். நிறுவனத்தின் வானவில் என்று போருக்குப் பின்னர் வடக்கில் தொழிற்சாலைகள் வந்தன. மாதச் சம்பளம் நிச்சயம் என்பதை மறுக்க முடியாது. ஆனால், விடியமுன் பஸ் ஏறி இருட்டிய பின் வீடு திரும்பும் வேலை, சிறு பிள்ளைகளோடோ படுக்கையில் கிடக்கும் பெற்றோரோடோ தனித்து இருக்கும் பெண்ணுக்குச் சரிவராது. தொழிற்சாலைகளின் நிலமும் அசைகிறது. இலங்கைப் பொருட்களுக்கு அமெரிக்கா 2025 ஏப்ரலில் 44 வீதத் தீர்வையை அறிவித்தது. பேச்சுவார்த்தைகளின் பின்னர் ஆகஸ்டில் அது 20 வீதமாகக் குறைக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் தங்கள் வேலை இருக்குமா என்று பயந்து இருந்தவர்கள் மெஷினுக்கு முன்னால் இருந்த பெண்கள்தான். ஆகவே, வீட்டில் இருந்தபடி செய்யும் வேலையை ஏளனமாகப் பார்க்க நான் தயாரில்லை. அதன் கணக்கு நேராக வேண்டும் என்பதுதான் என் வாதம்.

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள்?

2004 சுனாமிக்குப் பின்னர் தமிழ்நாட்டுக் கரையில், ஆரோவிலைச் சேர்ந்த உபாசனா வடிவமைப்பு நிலையம் மீனவப் பெண்களுக்குத் துணித் துண்டுகளில் சிறிய பொம்மை செய்யப் பழக்கியது. 2005இல் பிறந்த அந்தப் பொம்மைக்குச் சுனாமிகா என்று பெயர். தொழிற்சாலைகளில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளே மூலப்பொருள். அந்தப் பொம்மை விற்கப்படுவதில்லை, அன்பளிப்பாகக் கொடுக்கப்படுகிறது. மனமுவந்து கிடைக்கும் நன்கொடையிலிருந்து பெண்களுக்குக் கூலி போகிறது. துயரத்திலிருந்து பிறந்த பொருளுக்கு விலை ஒட்டாமலே வேலை கொடுக்க முடிந்தது. ஆனால், நன்கொடையில் ஓடும் வண்டி நன்கொடை இருக்கும் வரைதான் ஓடும் என்பதையும் மறக்கக் கூடாது.

சிலியில் பினோசேயின் இராணுவ ஆட்சிக் காலத்தில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் சாக்குத் துணியில் பழைய துணித் துண்டுகளைத் தைத்துப் படங்கள் செய்தார்கள். அவற்றை அர்பிஜேரா என்பார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் மனித உரிமை அமைப்பு அவற்றை வாங்கி வெளிநாடுகளில் விற்றது. கைது, வெறுமையான கதிரை, “எங்கே அவர்கள்?” என்ற கேள்வி எல்லாம் துணியில் இருந்தன. அங்கேயும் துயரக் கதை விற்கப்பட்டது. ஆனால், எதைச் சொல்வது என்று தீர்மானித்தவர்கள் தைத்த பெண்களே. எனது அட்டைக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

குருநாகலில் 1991இல் ஆரம்பிக்கப்பட்ட செலின் கைத்தறி நிறுவனம் இன்னொரு பாடம். நெசவில் மிஞ்சும் துண்டுகளும் அங்கே பொம்மைகளாகவும் சிறுபொருட்களாகவும் மாறுகின்றன. நியாய வணிக முறையில் ஏற்றுமதியும் நடக்கிறது. ஒரே தரத்தில் தொடர்ந்து வரும் மூலப்பொருளும், முன்கூட்டியே கிடைக்கும் ஓடரும் அந்தத் தொழிலைத் தாங்குகின்றன. சந்தையில் ஒரு நாள் விற்பனையை நம்பி எந்த நிறுவனமும் இப்படி நின்றுபிடிக்காது.

எங்கே கைவைக்கலாம்?

முதலாவது, மூலப்பொருள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வெள்ளம் வந்தபோது, ஒவ்வொரு அனர்த்தத்திலும் நடப்பதுபோல, நிவாரணமென்று பழைய உடுப்புகளும் வந்தன. கட்ட முடியாதவற்றைத் தரம் பிரித்துத் தொழிலுக்குப் பயன்படுத்துவது இந்தியாவில் கூஞ்ச் அமைப்பு நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை. சுனாமியின்போது தமிழ்நாட்டில் தேங்கிக் கிடந்த துணிகளையும் அவர்கள் அப்படிக் கையாண்டார்கள். ஆனால், பல நிறத்தில், பல தரத்தில் வரும் மூட்டை ஓடருக்கு உதவாது. வடக்கில் இருக்கும் ஆடைத் தொழிற்சாலைகளின் வெட்டுத்துண்டுகளைப் பெண்கள் குழுக்களுக்கு ஒழுங்காகக் கொடுக்க மாவட்டச் செயலகங்கள் பேசி ஏற்பாடு செய்யலாம்.

இரண்டாவது, சந்தை. 2025 நவம்பர் முதலாம் திகதியிலிருந்து கடைகளில் பொலித்தீன் பைகளை இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்ற விதி வந்திருக்கிறது. ஆறு மணித்தியாலப் பையோடு அரை மணித்தியாலத்தில் தைக்கும் எளிய சாமான் பையும் வேண்டும். ஒன்று கொழும்புச் சந்தைக்கும் முற்றவெளியில் நடக்கும் யாழ்ப்பாண வர்த்தகக் கண்காட்சிக்கும். மற்றது மன்னார்ப் பட்டினத்துக்கும் முருங்கன் கடைகளுக்கும், ஆவணி மடுத் திருவிழாவுக்கும், திருக்கேதீச்சரச் சிவராத்திரிக்கும். பாடசாலைகளும் அரச அலுவலகங்களும் தங்கள் கூட்டங்களுக்கு வாங்கும் பைகளை இவர்களிடம் வாங்கினால், அந்த ஒரு ஓடரே பல சந்தைகளுக்குச் சமம்.

மூன்றாவது, பணம். தைத்த பொருளைக் குழு அல்லது கூட்டுறவுச் சங்கம் உடனே வாங்கி, தைத்தவருக்கு மணித்தியாலக் கணக்கில் கூலி கொடுத்து, விற்பனையின் இலாப நட்டத்தைத் தான் ஏற்க வேண்டும். மெஷின் வாங்கிக் கொடுக்கும் புலம்பெயர் உறவுகள் அந்தச் சுழல்நிதிக்குக் கொடுத்தால் பயன் கூட. மெஷின் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது.

நான்காவது, கதை. எழுதுபவர் நானாக இருந்தாலும் வேறு எவராக இருந்தாலும், அட்டையில் போவதைத் தைத்தவருக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அழிக்கச் சொன்னால் அழிக்க வேண்டும். சொல்ல விரும்பும் பெண் தாராளமாகச் சொல்லட்டும். சொன்னால்தான் பை விலைப்படும் என்ற நிலையில் அவரை வைக்கக் கூடாது.

அன்று பின்னேரம் அட்டையை மறுபடி எழுதினேன். இன்ன துணி, இன்ன கிராமம், தைக்க ஆறு மணித்தியாலம், இந்த விலையில் தைத்தவரின் கூலி இவ்வளவு. அந்த அக்கா கேட்டுவிட்டுத் தலையாட்டினார். பிறகு, “கீழை எங்கட குழுவின்ரை போன் நம்பரையும் போடுங்கோ. திரும்ப வாங்கிற ஆக்கள் எங்களிட்டையே நேரை கேக்கட்டும்” என்றார். அதையும் எழுதிக் கொடுத்துவிட்டு முருங்கனுக்குப் பஸ் எடுக்க வெளிக்கிட்டேன்.