நன்றிக்கடன் வாயைக் கட்டலாகாது

மாற்றுத் திறனாளிகளின் விளையாட்டு என்ற பேச்சு எழுந்தால், நம் புனே நகரம் தலை நிமிர்ந்து நிற்கலாம். 1965 போரில் குண்டடி பட்ட முரளிகாந்த் பேட்கர், 1972-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக் போட்டியில் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அது. இதே ஊரின் டெல்கோ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் அவர். இடுப்புக்குக் கீழ் செயலிழந்த படைவீரர்களுக்கான மறுவாழ்வு மையமும் 1974 முதல் நம் கட்கியில்தான் இருக்கிறது.

தமிழ் மக்களுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு, காய்கறி விற்ற ஓர் ஏழைத் தாயின் மகன். உயரம் தாண்டுதலில் 2016-ல் ரியோவில் தங்கம், 2021-ல் டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிசில் வெண்கலம் வென்றார். அதைக் கண்டு, கால் ஊனமான பிள்ளையை, காது கேளாத பெண்ணை, மூளை வளர்ச்சி குன்றிய மகனை மைதானத்துக்கு அனுப்பும் ஆசை தாப்போடியிலும் தேஹு ரோட்டிலும் நம் வீடுகளில் பிறந்திருக்கிறது. நியாயமான ஆசை. பிள்ளையை வீட்டு மூலையில் உட்கார வைத்த காலம் போகட்டும்!

ஆனால் மெடலைப் பற்றிப் பேசுகிற நாம், அந்தப் பிள்ளையின் உடம்புக்கு யார் காவல் என்று பேசுவதில்லை. இந்தக் கட்டுரை கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.

காசியாபாத் காட்டிய கண்ணாடி

2015 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தின் காசியாபாத்தில் மாற்றுத் திறனாளிகளுக்கான தேசியத் தடகளப் போட்டி நடந்தது. நாட்டின் பல மாநிலங்களிலிருந்து வந்த வீரர்களைக் கட்டி முடிக்காத கட்டிடத்தில் தங்க வைத்தார்கள். சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இல்லை. அவர்கள் பயன்படுத்தக் கூடிய கக்கூஸ் இல்லை. செய்தி நாடெங்கும் நாறியது. ஏப்ரலில் ஜெர்மனியிலிருந்து இயங்கும் சர்வதேச பாராலிம்பிக் கமிட்டி இந்தியக் கமிட்டியை இடைநீக்கம் செய்தது.

அந்த இடத்தில் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணை நிறுத்திப் பாருங்கள். கால் நடக்காது. இரவில் கக்கூசுக்குப் போக வேண்டும். அவளைத் தூக்கிக் கொண்டு போவது யார்? அந்த ஆளை அவளுக்குத் தெரியுமா? வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியுமா? சாய்தளம் இல்லாத கட்டிடம் வெறும் வசதிக் குறைவு அல்ல. அது ஒரு பிள்ளையை முன்பின் தெரியாதவர் கையில் ஒப்படைக்கிறது.

"யாரையும் தொட விடாதே" என்று மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புகிறோம். இவர்களுக்கு அந்த அறிவுரை போதாது. நாற்காலியில் ஏற்ற, உடை மாற்ற, குளிப்பாட்ட, பிடித்துவிட இன்னொருவர் கை வேண்டியிருக்கிறது. உதவிக் கை எது, அத்துமீறும் கை எது என்று பிரித்துச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு யாரும் கற்றுத் தருவதில்லை. கற்றுத் தந்தாலும், பேச்சு வராத பிள்ளை யாரிடம் எப்படிச் சொல்லும்?

நம் வாயைக் கட்டுவது எது?

வெளியூரில் பிழைக்க வந்த நமக்கு இன்னொரு பூட்டும் இருக்கிறது. அப்பா ஷிப்ட்டுக்குப் போகிறார், அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். கோச் காசு வாங்காமல் பயிற்சி தருகிறார். ஊர் ஊராக அழைத்துப் போகிறார். "நம்ம பிள்ளையையும் ஒரு மனுஷனா மதிச்சாரே" என்று கை கூப்புகிறோம். மராத்தியில் கேள்வி கேட்கவும் கூச்சம். பிள்ளை ஒருநாள் "நான் போகமாட்டேன்" என்று அடம் பிடித்தால், காரணம் கேட்காமல் அதட்டி அனுப்புகிறோம்.

நல்ல கோச்சுகள் நிறையப் பேர் உண்டு. அவர்களுடைய உழைப்பை யாரும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பாதுகாப்பு ஒருவருடைய நல்ல குணத்தை நம்பி இருக்கக் கூடாது. விளையாடுவது நம் பிள்ளைகளின் உரிமை; 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டமே விளையாட்டில் பங்கேற்க வகை செய்ய வேண்டும் என்று அரசுக்குச் சொல்கிறது. உரிமைக்கு நன்றிக்கடன் எதற்கு?

கேட்காமலே முடிவெடுக்கும் வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி. 1994-ல் ஷிரூரில் இருந்த அரசு விடுதியின் மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்கு, மாதவிடாய்ச் சுத்தத்தைக் காரணம் காட்டி, சசூன் ஆஸ்பத்திரியில் கருப்பையை அகற்றினார்கள். பெண்கள் இயக்கங்கள் வீதிக்கு வந்த பிறகே அது நின்றது. கருப்பையை எடுத்துவிட்டால் மாதவிடாய் நிற்கும், அத்துமீறுகிறவன் நிற்பானா? கர்ப்பம் என்ற தடயம் இல்லாமல் போகும், அவ்வளவுதான்!

பதினெட்டோடு முடியும் காவல்

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பிள்ளையின் ஊனத்தைப் பயன்படுத்திச் செய்யும் பாலியல் குற்றத்துக்குக் கூடுதல் தண்டனை உண்டு. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டுக்கே வந்து, சீருடை அணியாமல் வாங்க வேண்டும். சிறப்பு ஆசிரியர் உதவியும் பெறலாம். தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பதே குற்றம்.

ஆனால் பதினெட்டு வயதோடு அந்தக் காவல் முடிந்துவிடுகிறது. மனவளர்ச்சி குன்றியவர்கள் உடலால் பெரியவர்களானாலும் அவர்களையும் போக்சோவுக்குள் கொண்டுவர வேண்டும் என்று கோரிய வழக்கில், சட்டத்தில் சொன்ன வயது உடலின் வயதே, மனத்தின் வயது அல்ல என்று 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரியவர்களான பெண்களுக்கு வேறு பிரிவுகள் உள்ளன. தம் ஆதிக்கத்தைப் பயன்படுத்தி மாற்றுத் திறனாளிப் பெண்ணைப் பாலியல் சுரண்டலுக்கு ஆளாக்குகிறவரை 2016 சட்டம் தண்டிக்கும். வயது வந்த ஆணின் கதி? 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், அவருக்கு நேரும் பாலியல் பலாத்காரத்துக்குத் தனிப் பிரிவே கிடையாது. இருபத்தைந்து வயதிலும் ஆறு வயதுக் குழந்தை போல் யார் கூப்பிட்டாலும் போகிற மகன்கள் நம்மிடையே இல்லையா?

குற்றம் நடந்த பிறகு தண்டிக்கும் சட்டம் மட்டும் போதாது, நடக்காமல் தடுக்கும் ஏற்பாடும் வேண்டும். இங்கிலாந்தில் 1995-ல் ஒலிம்பிக் நீச்சல் கோச் ஒருவர் பாலியல் குற்றங்களுக்காகச் சிறை சென்றார். அவர்கள் ஒரு ஆளை உள்ளே தள்ளியதோடு நிற்கவில்லை. விளையாட்டில் குழந்தைகளைக் காப்பதற்கென்றே 2001-ல் தனிப் பிரிவை அமைத்தார்கள்.

நாம் கோர வேண்டியவை

தூக்குவதோ, உடை மாற்றுவதோ, மசாஜோ, எதுவானாலும் முதலில் அந்தப் பிள்ளையைக் கேட்க வேண்டும். பேச முடியாதவருக்குச் சைகையோ படமோ போதும். மூடிய அறையில் தனி ஆளாக யாரும் உதவக் கூடாது. இரண்டாவது ஆள் உடனிருக்க வேண்டும். பெண்களுக்குப் பெண் உதவியாளர் வேண்டும். வெளியூர்ப் பயணத்தில் குடும்பத்தில் ஒருவருக்கு இடம் தர வேண்டும், அவருடைய ரயில் செலவை அரசு ஏற்க வேண்டும். புகார் வாங்குகிறவர் கோச்சுக்குக் கட்டுப்படாதவராக இருக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் விளையாட்டு மைதானத்தையும் பணியிடமாகவே கணக்கிடுகிறது. பாலேவாடி மைதானம் முதல் சின்னச் சின்ன கிளப்புகள் வரை புகார்க் குழுவின் பெயர்ப் பட்டியலும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் கண்ணில் படும்படி எழுதி வைக்கப்பட வேண்டும். பதினெட்டைக் கடந்தவருக்கும் அதே காவல் வேண்டுமென்று சட்டத்தைத் திருத்த வேண்டும்.

அரசைக் கேட்பதோடு நம் வேலை முடியவில்லை, தோழர்களே. சங்கத்தின் மாதர் பிரிவிலிருந்து இரண்டு பேர் மாதம் ஒருமுறை பயிற்சி நடக்கும் இடத்துக்குப் போய் வரட்டும். போலீஸ் நிலையத்தில் மராத்தி பேசத் தெரிந்த தோழர் ஒருவர் துணை நிற்கட்டும். சம்பள வெட்டு என்றால் நூறு பேர் கூடுகிற நாம், ஒரு பிள்ளையின் புகாருக்குப் பத்துப் பேராவது கூட மாட்டோமா?

தாய்மார்களே, பிள்ளை இன்று மைதானத்திலிருந்து வந்ததும் எத்தனை மீட்டர் எறிந்தாய் என்று பிறகு கேளுங்கள். யார் தூக்கினார்கள், உன்னைக் கேட்டுத் தூக்கினார்களா என்று முதலில் கேளுங்கள். அது சொல்லும் பதிலை நம்புங்கள்.